இம்ப்ரொவைசேஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது? கொங்கு நாட்டுக் கூத்தையும் பாட்டையும் வைத்து ஒரு பதில்

கொங்கு நாட்டுக் கூத்து, உடுக்கைப் பாட்டு பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கலைஞர் அந்த நேரத்தில் தானாகவே சேர்த்துப் பாடுவதையும் பேசுவதையும் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'இம்ப்ரொவைசேஷன்' என்றே எழுத வேண்டியிருக்கிறதாம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'மேம்படுத்தல்' என்று வருகிறது, அகராதியைப் பார்த்தால் 'முன்னேற்பாடின்றி நிகழ்த்துதல்' என்கிற மாதிரி நீளமாக ஒன்று வருகிறது, இரண்டும் ஒட்டவில்லை, நல்ல சொல்லாக ஒன்று சொல்லுங்கள் என்றார்.

'மேம்படுத்தல்' என்பதை முதலில் அடித்துவிடுங்கள் தம்பி. அது இம்ப்ரூவ் என்கிற வேறொரு சொல்லோடு செயலி குழம்பிப்போய்த் தருவது. 'முன்னேற்பாடின்றி' என்பதில் சொல்குற்றம் ஏதும் இல்லை, ஆனால் நீங்கள் எழுதப்போகிற ஆட்களைப் பற்றி அது பொய் சொல்கிறது. உடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய அண்ணன்மார் கதை பாடுகிறவர் ஏற்பாடு இல்லாமலா வந்து உட்கார்ந்தார்? சின்ன வயதில் இருந்து ஒரு வாத்தியாருக்குப் பின்பாட்டுப் பாடி, கதையின் முடிச்சுகள் அத்தனையும் மனசில் ஏறி, மெட்டுகள் தொண்டையில் ஊறி, எந்த இடத்தில் சனம் அழும், எந்த இடத்தில் எழுந்து போகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் தனியாக உட்காருகிறார். இன்று ராத்திரி சரியாக எந்த வரி வந்து விழும் என்பது மட்டும்தான் அவருக்கே தெரியாது. ஆகவே சொல்லைத் தேடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்கே எது முன்பே தயாராக இருந்தது, எது அந்த நேரத்தில் பிறந்தது. ஒவ்வொரு கலையிலும் அந்தக் கோடு வேறு வேறு இடத்தில் விழுகிறது, சொல்லும் அதற்கேற்ப மாறுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கட்டுரை மொட்டையாகிவிடும்.

பழைய புலவர்கள் வைத்திருந்த சொல் ஆசுகவி. புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காகப் பிரித்துச் சொல்வது பாட்டியல் நூல்களின் வழக்கம். ஆசு என்றால் விரைவு. ஆனால் அந்த இலக்கணத்தைச் சரியாகப் பார்த்தீர்களானால், வேகமாகப் பாடினால் மட்டும் ஆசுகவி ஆகிவிட முடியாது. பொருளை இன்னொருவர் கொடுப்பார், எந்தப் பா வகை என்பதையும் அவரே சொல்வார், சில நேரம் ஈற்றடியையும் போட்டுவிடுவார், அதற்குள் அப்போதே பாடி முடிக்க வேண்டும். எதிரில் ஒரு ஆள் நின்று பூட்டுகிறார், இவர் திறக்கிறார். 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவருக்குப் பெயர் வந்ததே இப்படித்தான். ஒருவர் கண் தெரியாதவர், மற்றவர் கால் நடக்காதவர் என்று சொல்லப்படும் இரட்டைப் புலவர்கள் வெண்பாவை ஆளுக்குப் பாதியாகப் பாடியதும் இந்த வகைதான், அங்கே முதல் பாதி பாடுகிறவரே அடுத்தவருக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார். எதுகை எந்த எழுத்தில் என்பது அவர் வாயைத் திறந்ததுமே முடிவாகிவிடுகிறது, கடைசி அடி மூன்று சீரில் முடிய வேண்டும், அதிலும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு கட்டு இருப்பதால்தான் வேகம் வருகிறது. கட்டே இல்லாமல் 'ஏதாவது பாடு' என்று சொன்னால் நல்ல புலவர்கூடத் திகைத்துப்போவார்.

யாராவது தலைப்புக் கொடுத்து உடனே பாடச் சொன்னால் மட்டும் ஆசுகவி என்று எழுதுங்கள். கூத்துக்காரரை ஆசுகவி என்றால் பொருந்தாது, அவருக்கு யாரும் தலைப்புக் கொடுப்பதில்லை.

பேச்சில் அந்த வேகம் வந்தால் ஆசுகவி என்று சொல்வதில்லை, சிலேடை என்றோ சாதுரியம் என்றோ சொல்வோம். நம்ம பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் கி. வா. ஜகன்னாதன். மோகனூரில் வளர்ந்தவர், உ. வே. சாமிநாதையரின் மாணவர், கலைமகள் ஆசிரியர். கார் வழியில் நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளப் போனபோது பெரியவராயிற்றே என்று இவரை மட்டும் விட்டுவிட்டார்களாம், 'நான் என்ன தள்ளாதவனா?' என்று கேட்டாராம். இன்றைக்கும் மேடையில் சொல்கிற கதை இது. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே என்பதைச் சேர்த்துப் பாருங்கள், வாய்ப்பேச்சின் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று தெரியும்.

கர்நாடக சங்கீதத்தில் சொல் ரொம்பத் தெளிவு: மனோதர்மம். கல்பித சங்கீதம் என்றால் ஏற்கெனவே இயற்றி வைத்த கீர்த்தனை, வர்ணம். கற்பனை சங்கீதம் அல்லது மனோதர்ம சங்கீதம் என்றால் ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைஸ்வரம், விருத்தம். ராகமும் தாளமும் சட்டம், அதற்குள் மனசு போகிற வழி மனோதர்மம். நிரவலில் கீர்த்தனையின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழுகிற இடம் மாறாமல், அதே ராகத்துக்குள் மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். கோடு எங்கே விழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கற்பனைஸ்வரத்தின் முடிவில் வருகிற கோர்வை என்கிற தாளக் கணக்குத் துண்டைப் பலர் வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். அது தப்பில்லை, ஆனால் அந்தத் துண்டை மனோதர்மம் என்று விமர்சகர் எழுதினால் கச்சேரிக்காரரே உள்ளுக்குள் சிரிப்பார். இந்தச் சொல் சங்கீதத்துக்கே இருக்கட்டும், கூத்துக்கும் கும்மிக்கும் இழுத்து வர வேண்டாம். அங்கே அது வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

இனி உங்கள் விஷயம். அண்ணன்மார் கதை என்கிற பொன்னர் சங்கர் கதையைக் கொங்கில் உடுக்கை அடித்துப் பாடுகிறார்கள். 1965-இல் பிரெண்டா பெக் என்கிற மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாட வைத்து ஒலிநாடாவில் பதிந்தார். 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. கிடைத்தால் படியுங்கள், உங்கள் கட்டுரைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கதையில் எது நிலையாக இருக்கிறது, எது நழுவுகிறது என்பது அச்சில் பார்க்கும்போது நன்றாகத் தெரியும். குன்னுடையாக் கவுண்டர், தாமரை, பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள், சாம்புவன், தலையூர்க் காளி, கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, இவர்கள் யாரையும் மாற்ற முடியாது. பன்றி வேட்டை நடந்தாக வேண்டும், படுகளத்தில் அண்ணன்மார் விழுந்தாக வேண்டும், தங்கை தேடிக்கொண்டு போயாக வேண்டும். அதை மாற்றிப் பாடினால் சனம் விடாது, ஏனென்றால் நம் ஊர்களில் இது கோயிலில் கும்பிடுகிற சாமிகளின் கதை.

நழுவுவது எது? வர்ணனை. குதிரையைச் சிங்காரிக்கிற இடம், கல்யாணப் பந்தல் போடுகிற இடம், அருக்காணி அழுகிற இடம். இவற்றுக்கு எவ்வளவு நேரம் என்று யாரும் நிர்ணயித்து வைக்கவில்லை. பூசாரி இன்னும் வரவில்லை என்றால் பந்தலுக்கு இன்னும் நாலு வாழை கட்டலாம், கூட்டம் கொட்டாவி விட்டால் நாலே அடியில் முகூர்த்தத்தை முடித்துவிடலாம். இதைச் சொல்ல நம்மிடம் இருக்கிற சொற்கள் ரொம்பச் சாதாரணமானவை: 'விரிச்சுப் பாடறது', 'இழுத்துப் பாடறது', 'சுருக்கறது'. கேட்டவுடன் எளிமையாகத் தெரியும், ஆனால் நடக்கிற வேலையை அப்படியே சொல்கிற சொற்கள் இவை. கட்டுரையில் 'பாடகர் இந்த இடத்தை விரித்துப் பாடினார்' என்று எழுதினால் இம்ப்ரொவைசேஷன் என்ற சொல்லே தேவைப்படாது.

அப்புறம் பின்பாட்டு. உடுக்கைப் பாட்டில் கூட இருப்பவர் முன்னவர் பாடிய அடியின் வாலைப் பிடித்துத் திரும்பப் பாடுவார், இடையில் 'ஆமா' போடுவார். கேட்கிறவர்களுக்கு அது அழகு, பாடுகிறவருக்கோ மூச்சுவிடுகிற நேரம். அந்த இரண்டு மூன்று வினாடியில்தான் அடுத்த அடி உருவாகிறது. உடுக்கையும் உதவிக்கு வரும். இடுப்புக் கயிற்றைக் கையால் இறுக்கினால் தோல் விறைத்து நாதம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். சொல் கிடைக்கத் தாமதமானால் பாடகர் ஒரு சுற்று உடுக்கையைப் பேச விடுவார். நீங்கள் பதிவு செய்யும்போது இதைக் கவனியுங்கள்: உடுக்கை வழக்கத்தை விடக் கொஞ்சம் நீண்டு ஒலிக்கிற இடத்துக்கு அடுத்து வருகிற வரி பெரும்பாலும் புதிய வரியாக இருக்கும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே வேலை நடக்கிறது. யூகோஸ்லாவியாவில் காவியம் பாடிய எழுத்தறியாத பாடகர்களை 1930-களில் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் பதிவு செய்து, அவர்கள் வரியை மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை, தயாராக இருக்கும் சொற்றொடர்களை வைத்து ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று காட்டினார்கள். அந்தக் கண்ணோட்டத்தைச் சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்து 1968-இல் க. கைலாசபதி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வாய்மொழிப் பாடல், வாய்பாடு (அந்தத் தயார்ச் சொற்றொடர்) என்ற சொற்கள் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குவது இந்த வழியில். உங்கள் பேராசிரியருக்கு அவை பிடிக்கும், போட்டுக்கொள்ளுங்கள்.

கூத்தில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. பாட்டு நிலையானது, வாத்தியாரிடம் இருந்து வந்தது, நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வசனம் அப்படி இல்லை. பாட்டில் வந்த விஷயத்தை நடிகர் பேச்சில் விரித்துச் சொல்வார், எதிராளி அதை மறுப்பார், இரண்டு பேருக்கும் தர்க்கம் நடக்கும். சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்துக் கூத்தில் தர்க்கம் என்றாலே சனம் நிமிர்ந்து உட்காரும். யார் யாரை மடக்குகிறார் என்பது அன்றைக்கு ஆடுகிறவர்களின் வாயைப் பொறுத்தது. இங்கே புழங்குகிற சொற்கள் 'வசனம் விடறது', 'எடுத்து விடறது', 'மடக்கறது'. எடுத்து விடறது என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தானே எடுத்து விட முடியும்? சரக்கு இருக்கிறது, எதை எப்போது எடுப்பது என்பதுதான் அந்த நேரத்து முடிவு.

கோமாளியின் கதையே வேறு. கட்டியங்காரன் என்று நூல்களில் படிப்பீர்கள், நம்ம ஊரில் கோமாளி என்றே சொல்வார்கள். அவருக்கு மட்டும் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வர உரிமை உண்டு. அந்தியூர்ப் பக்கம் ஒரு பாரதக் கூத்தில் பார்த்தது. துரியோதனன் வீராவேசமாகச் சுற்றி வரும்போது கட்டு தளர்ந்து கிரீடம் கழன்று தரையில் விழுந்தது. கட்டைக் கிரீடம், நல்ல கனம், சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஆடியவர் ஒரு கணம் நின்றுவிட்டார். கோமாளி நிதானமாகப் போய் அதைத் துண்டில் ஏந்தி எடுத்து, 'ஏனுங் ராசா, பதினெட்டாம் நாள் விழுக வேண்டியது ஆச்சுங்களே, இன்னைக்கே ஒத்திகை பாக்கறீங்களாக்கு?' என்றார். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் கிரீடம் தலையில் ஏறிவிட்டது, துரியோதனனும் அதே கோபத்தோடு 'அடே, யாரைப் பார்த்து!' என்று அவரை உதைக்கப் போனார். கதை ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை. தடங்கலை மூடி மறைக்காமல், போரின் முடிவையே அதற்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் பாருங்கள். இதற்கு உரிய சொல் சமயோசிதம். வெறுமனே தப்பித்துக்கொண்டால் 'சமாளிச்சுட்டான்' என்போம். சமாளிப்புக்கும் சமயோசிதத்துக்கும் உள்ள தூரத்தை உங்கள் கட்டுரையில் காட்டுங்கள், அது முக்கியம்.

பேச்சு வந்ததால் கோயமுத்தூர்க் குசும்பையும் சொல்லிவிடுகிறேன். குசும்பு, லொள்ளு, நக்கல் மூன்றும் நம் பக்கம் தினப்படிச் சொற்கள், மூன்றுக்கும் அர்த்தத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. நக்கலில் கொஞ்சம் குத்தல் இருக்கும், லொள்ளில் வம்பு இருக்கும். குசும்பில் மரியாதை இருக்கும், வாலில் 'ங்க' போட்டுத்தான் வாரிவிடுவார்கள். யோசித்து வைத்திருந்து சொன்னால் அது குசும்பே ஆகாது, எதிராளியின் வாயில் இருந்தே சொல்லைப் பிடுங்கி உடனே திருப்பித் தர வேண்டும். இளவட்டங்கள் இப்போது இதையே 'கவுண்டர் (ஆங்கில counter) குடுக்கறது', 'ஸ்பாட்ல அடிச்சான்' என்கிறார்கள். பேட்டிகளை அப்படியே எழுதும்போது இந்தச் சொற்களைத் திருத்தாதீர்கள்.

இப்போது ஒப்பாரி. உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் நம் ஊரில் அந்த நேரத்தில் பாட்டுக் கட்டுகிறவர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் நான் இழவு வீட்டுப் பெண்களைத்தான் சொல்வேன். மேடை இல்லை, சன்மானம் இல்லை, வாத்தியார் இல்லை. அவர்கள் அதைப் பாடுவது என்றும் சொல்வதில்லை. 'சொல்லி அழுகறது' என்பார்கள். 'அந்தம்மா நல்லாச் சொல்லிச் சொல்லி அழுவாங்க' என்றால் அந்தக் கலையில் பெரிய கை என்று அர்த்தம்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாள். வாசலுக்குக் கொஞ்ச தூரம் முன்பே குரல் எடுத்துவிடுவாள். முதல் அடி முறை சொல்லி அழைப்பது: அப்பனுக்கு ஒன்று, பெற்றவளுக்கு ஒன்று, கூடப் பிறந்தவனுக்கு 'என்ற பொறப்பே'. இது நிலையானது, யோசிக்கவே வேண்டாம். அடுத்து இறந்தவர் வாழ்ந்த வாழ்வு. அங்கேதான் புதுச் சொல் நுழையும். ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டு போய்வந்த அப்பன் என்றால் இந்த மாதிரி வரும்:

மஞ்ச மூட்டை ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போனீங்களே
மண்டி அடைச்சாலும் மகளப் பாக்க வந்தீங்களே

இதே சட்டத்தில் அடுத்த வரி தறி ஓட்டியவருக்கு நூலும் நாடாவுமாக வரும், ஆடு வளர்த்தவருக்குப் பட்டியும் பால்குட்டியுமாக வரும். மஞ்ச, மண்டி, மக என்று மோனை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். முதல் எழுத்து கிடைத்துவிட்டால் அடுத்த சொல் பாதி கிடைத்த மாதிரிதான். வரி முடிவில் அழுகையின் இழுவை இருக்கிறது, அந்த இழுவையில் அடுத்த வரி தேறிவிடும். உடுக்கைக்காரருக்குப் பின்பாட்டு செய்கிற வேலையை இங்கே அழுகையே செய்கிறது. சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுகிற பெண்களில் ஒருத்தி வாங்கிக்கொள்வாள், அவள் தன் அம்மாவை நினைத்து அதே சட்டத்தில் வேறு சொல் போடுவாள்.

மூன்றாவதாக வருவது குறை. அண்ணன் சீர் கொண்டு வராதது, பங்கு பிரிக்கும்போது கிணற்றை விட்டுக்கொடுக்காதது, பொங்கலுக்குக் கூப்பிடாதது. வேறு எந்த நாளிலும் பத்துப் பேர் முன்னால் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அன்றைக்குப் பாட்டில் சொல்லிவிடலாம், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அதற்காக அவள் முன்கூட்டியே வரி யோசித்து வைத்திருந்தாளா? இல்லை. வருஷக்கணக்காக மனசில் கிடந்த விஷயத்துக்கு அன்று சட்டம் கிடைத்தது, அவ்வளவுதான். மறுநாள் போய் 'நேற்றுச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்கிற பயம் உண்டு, நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போன எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் இது. பயத்தைத் தாண்டிச் சொன்னாலும் அதே வரி வராது.

தாலாட்டிலும் இதே மோனைதான் வேலை செய்கிறது, சட்டம் இன்னும் சுலபம். யார் அடித்து நீ அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்கும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். மாமன் என்றால் மல்லிகைப்பூச் செண்டு, அத்தை என்றால் அல்லிப்பூச் செண்டு. உறவின் முதல் எழுத்துப் பூவைக் கொண்டுவந்துவிடுகிறது. வீட்டில் எத்தனை உறவு உண்டோ அத்தனை வரி போகும், அம்மாவைப் பெற்ற அப்பச்சிக்கும் அம்மிச்சிக்கும் வரி கட்டாத கொங்குத் தாலாட்டு ஏது? எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கிற கவலை ஓட்டிய காலத்தில் எருது பின்னும் முன்னும் போகிற நேரத்துக்குள் ஓர் அடி முடிய வேண்டும் என்று பாடினார்கள். கிணற்றில் மோட்டார் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற வினை 'கட்டு' என்பது. பாட்டுக் கட்டறது, மெட்டுக் கட்டறது, இட்டுக்கட்டறது. இட்டுக்கட்டறது என்பதை நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனால் பத்திரிகைத் தமிழில் அது பொய் என்ற அர்த்தத்துக்குப் போய்விட்டது, 'இட்டுக்கட்டிய புகார்' என்றால் வழக்கு ஜோடிப்பு. ஆகவே தனியாக எழுதாமல் 'இட்டுக்கட்டிப் பாடினார்' என்று பாடுவதோடு சேர்த்தே எழுதுங்கள், குழப்பம் வராது. 'கதை விடறது', 'அள்ளி விடறது', 'அடிச்சு விடறது', 'வாய்க்கு வந்தபடி' எல்லாம் ஏளனச் சொற்கள், கலைஞரைப் பற்றி நீங்கள் எழுதும்போது வேண்டாம். கலைஞரே தன்னைப் பற்றி 'வாய்க்கு வந்ததப் பாடுனனுங்க' என்று சொன்னால் அது அடக்கம், மேற்கோளாகப் போடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இன்னும் இரண்டு மூன்று. 'தன்னிச்சையாக' என்று பலர் எழுதுகிறார்கள், அது யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடப்பது, அதிகாரியைப் பற்றிப் புகார் எழுதும்போது பொருந்தும். 'தன்னெழுச்சி' நல்ல சொல், ஆனால் கூட்டத்துக்கு உரியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் தலைவர் யாரும் கூப்பிடாமலே சனம் கூடியதைத் தன்னெழுச்சி என்று எழுதினார்கள், சரியான இடம் அது. ஓர் ஆள் உடுக்கை அடித்துக்கொண்டு ஒரு வரியை மாற்றிப் பாடுவதற்கு அந்தச் சொல் பெரிது. 'திடீர்' என்பது இட்லி மாவுப் பாக்கெட்டோடு ஒட்டிப்போய்விட்டது.

புதிதாக எதுவுமே பிறக்கக் கூடாத இடங்களும் நம்மிடம் உண்டு, கட்டுரையில் அதையும் ஒரு பத்தி சொல்லுங்கள், அப்போதுதான் மற்றது விளங்கும். கொங்குக் கல்யாணத்தில் பாடுகிற மங்கல வாழ்த்துக் கம்பர் பாடியது என்று நம்பிக்கை. அதைப் பாடுகிற குடிமகன் எனப்படும் நாவிதருக்கு எவ்வளவு நல்ல குரல், எவ்வளவு கற்பனை இருந்தாலும் உள்ளது உள்ளபடி பாட வேண்டும், அதுதான் வாழ்த்தின் பலம் என்று நினைக்கிறார்கள். வள்ளி கும்மி நடுவில் நிற்கிறது. வள்ளி முருகன் கதையும் பாட்டும் அடவும் மாசக்கணக்கில் பழகியவை, வாத்தியார் குரல் கொடுத்தால்தான் அடவு மாறும், நூறு பேர் ஒன்றாகச் சுற்றும்போது ஒருத்தர் சொந்தமாக ஓர் அடி போட்டால் வட்டமே சிதறும். ஆனால் அரங்கேற்றத்தன்று எந்த இடத்தில் வேகம் கூட்டுவது, கூட்டத்தில் யாரை வம்புக்கு இழுப்பது என்பதெல்லாம் வாத்தியார் வாயில் இருக்கிறது. காரமடைப் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பெண்களுக்கும் இந்தக் கும்மியைச் சொல்லிக்கொடுத்தவர். மாரியம்மன் நோன்பில் கம்பத்தைச் சுற்றி ஆடுவது இதற்கு நேர் எதிர். தப்பட்டையில் அடி மாறியதும் கால் மாற வேண்டும், அது மட்டும்தான் சட்டம், கையும் உடம்பும் அவரவர் பாடு.

சரி, கட்டுரைக்கு வருவோம். தலைப்பிலும் முன்னுரையிலும் பொதுவாக ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்றால் 'அப்போதே கட்டுதல்' என்று போடுங்கள், பாட்டு, வசனம், அடவு மூன்றுக்கும் அது ஒத்துவரும். உள்ளே போனதும் உடுக்கைக்கு விரித்துப் பாடுதல், கூத்துக்கு எடுத்து விடுதல், கோமாளிக்குச் சமயோசிதம் என்று அந்தந்த இடத்துச் சொல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள். கல்லூரி நாடகக் குழுவின் பயிற்சியைப் பற்றி எழுத நேர்ந்தால் இம்ப்ரொவைசேஷன் என்றே இருக்கட்டும், அவர்கள் செய்வது வேறு பயிற்சி, அவர்கள் அதை அந்தப் பெயரில்தான் கற்கிறார்கள்.

இன்னும் ஒன்று. பேட்டி எடுக்கும்போது 'நீங்க இம்ப்ரொவைஸ் பண்ணுவீங்களா' என்று கேட்காதீர்கள், 'அதெல்லாம் இல்லீங்க தம்பி, எங்க வாத்தியார் சொன்னதுதானுங்க' என்று பதில் வரும், அதை நம்பி எழுதிவிடுவீர்கள். அவருக்கு அது வாத்தியாரை விட்டுக்கொடுக்கிற விஷயம். ஆட்டம் முடிந்து அரிதாரம் கலைத்து டீ குடிக்கிற நேரத்தில், குறிப்பிட்ட ஒரு வரியைச் சொல்லி, 'ஐயா, இந்த வரி வாத்தியார் குடுத்ததுங்களா, நீங்க சேத்துனதுங்களா?' என்று கேளுங்கள். அடுத்த ஊரில் அதே கூத்தை இன்னொரு தடவை பார்த்து, இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. எந்த வரி ஏன் மாறியது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள், அப்போது அவர்கள் வாயில் வருகிற சொல் நான் மேலே சொன்ன எதுவாகவும் இல்லாமல் போனால் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.